கவசம் தடிமனாக இருந்தும் ஏன் தோற்றார்கள்?

கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம். நம் குடியிருப்பின் விளையாட்டுத் திடலை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கைப்பேசியில் டாங்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "தாத்தா, நீங்க நிறைய ஹிஸ்டரி படிப்பீங்கல்ல? 1940-ல ஃபிரான்ஸ் டாங்கிக்குத்தான் கவசம் ஜாஸ்தி. பீரங்கியும் பெருசு. அப்புறம் ஏன் ஜெர்மனிகிட்ட தோத்தாங்க?" என்று கேட்டான்.

"நாளைக்குச் சொல்றேன் கண்ணா" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்த 'நாளை' வருவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நூலகப் புத்தகங்களையும் என் அலமாரியில் இருந்தவற்றையும் புரட்டிப் படித்தபோது, விடை நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. முப்பது வருடம் தொலைபேசித் துறையில் ஒயரோடும் ரிசீவரோடும் மாரடித்தவன் நான். விடை என் தொழிலுக்குள்ளேயே கிடந்தது கண்டு எனக்கே ஆச்சரியம். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

நம் குடியிருப்பில் 'டாங்க்' என்றால் எல்லாருக்கும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். போர் வண்டிக்கும் அந்தப் பெயர் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் இந்த வண்டிகளை ரகசியமாகத் தயாரித்தது. தொழிற்சாலையில் யாராவது கேட்டால் 'தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி' என்று சொல்லி வைத்தார்கள். பொய்ப் பெயர் நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி, பிரான்சின் சோம் பகுதியில், பிரிட்டனின் டாங்கிகள் முதன்முதலாகப் போர்க்களத்தில் இறங்கின.

அதே சமயத்தில், பிரிட்டனைப் பார்த்துச் செய்யாமல் தானாகவே, பிரான்சும் இதே வேலையில் இறங்கியிருந்தது. அதற்குக் காரணமானவர் எஸ்தியென் என்ற பீரங்கிப்படை அதிகாரி. போர் தொடங்கிய 1914-லேயே, எந்தக் கரடுமுரடான நிலத்திலும் ஓடும் வண்டியில் யார் முதலில் பீரங்கியை ஏற்றுகிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி என்று சொல்லிவந்தார். 1915 டிசம்பரில் தலைமைத் தளபதி ழோஃபருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். ஷ்னைடர் நிறுவனத்துக்கு 400 வண்டிகள், சேன் ஷாமோன் நிறுவனத்துக்கு 400 வண்டிகள் என ஆர்டர் போனது.

ஏன் இவ்வளவு அவசரம்? இரு தரப்பும் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்துவிட்ட காலம் அது. முள்கம்பி வேலியைத் தாண்டி ஓடுகிறவனை இயந்திரத் துப்பாக்கி விழுங்கிவிடும். சில நூறு மீட்டர் முன்னேற ஆயிரக்கணக்கான உயிர். முள்கம்பியை நசுக்கிக்கொண்டு, தோட்டாவுக்கு அஞ்சாமல் முன்னே போக ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

1917 ஏப்ரல் 16

பிரான்சின் டாங்கிகளுக்கு முதல் நாள் இதுதான். தளபதி நிவெல் நடத்திய பெரிய தாக்குதலின் ஒரு பகுதியாக, எய்ன் ஆற்றங்கரையில் உள்ள பெரி-ஓ-பாக் என்ற ஊருக்கருகே 132 ஷ்னைடர் டாங்கிகள் களத்துக்கு வந்தன.

ஷ்னைடரைப் படத்தில் பார்த்தால் இரும்புப் பெட்டிக்குச் சங்கிலிச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். சுமார் 13 டன் எடை. உள்ளே 6 பேர். வலப்பக்கம் ஒரு 75 மி.மீ. பீரங்கி, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். எஞ்சின், பெட்ரோல், குண்டுகள், ஆட்கள் எல்லாம் ஒரே அறைக்குள். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. சூடும் புகையும் தனி.

வண்டிகளில் ஒரு பெரிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் போஸ்யூ. குதிரைப்படையிலிருந்து வந்தவர், பேர்பெற்ற குதிரையோட்டி. பகல் வெளிச்சத்தில், எதிரி மேட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் போகவேண்டும் என்ற திட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லியும் பார்த்தார். மாற்றம் இல்லை என்றதும், தானே ஒரு டாங்கியில் முன்னால் போவதென்று முடிவெடுத்தார். அந்த டாங்கிக்கு வைத்திருந்த பெயர் 'சாவை ஏய்ப்பவன்' என்று பொருள்படும்.

பிரிட்டனின் டாங்கிகளை ஏழு மாதம் முன்பே பார்த்துவிட்ட ஜெர்மானியர்கள் தயாராக இருந்தார்கள். பதுங்கு குழிகளை அகலமாக்கி வைத்திருந்தார்கள். மேட்டில் இருந்த பீரங்கிகள் வரிசையாக வந்த வண்டிகளைக் குறிபார்த்தன. பெட்ரோல் உள்ளேயே இருந்ததால் அடிபட்ட வண்டி தீப்பந்தமானது. போஸ்யூவின் வண்டியும் அடிபட்டு எரிந்தது. அவர் திரும்பவில்லை.

இதற்கு நடுவிலும் சில வண்டிகள் ஜெர்மானியரின் மூன்றாவது குழி வரிசை வரை போய்விட்டன. இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காலாட்படை பின்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வரவும் முடியவில்லை. துப்பாக்கிச் சூட்டில் அவர்கள் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். முன்னால் போன டாங்கிக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னே வழி திறந்திருப்பது தெரியாது. வண்டிகளில் வயர்லெஸ் கிடையாது. கொடி காட்டலாம், புகைக்குள் யார் பார்ப்பது?

அன்று சாயங்காலத்துக்குள் 76 வண்டிகள் போயின. உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள்.

சின்ன வண்டியின் வெற்றி

இத்தோடு டாங்கியையே கைவிட்டிருக்கலாம். எஸ்தியென் விடவில்லை. பெரிய வண்டிகள் குறைவாக இருப்பதைவிடச் சின்ன வண்டிகள் தேனீக் கூட்டம் போல நிறைய இருப்பதே மேல் என்பது அவர் எண்ணம். கார் தயாரிப்பாளர் லூயி ரெனோவோடு சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தார். அதுதான் ரெனோ எஃப்.டி.

இன்றைக்கு நாம் குடியரசு தின அணிவகுப்பில் பார்க்கும் டாங்கியின் அமைப்பு இதிலிருந்து வந்ததுதான்: ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் எல்லாத் திசையும் சுழலும் கோபுரத்தில் ஆயுதம். எடை வெறும் ஆறரை டன். உள்ளே இரண்டே பேர். ஓட்டுகிறவர் ஒருவர். கோபுரத்தில் நின்று, எதிரியைத் தேடி, குறிபார்த்து, சுட்டு, ஓட்டுநருக்கும் வழி சொல்லும் தளபதி இன்னொருவர்.

வழி எப்படிச் சொல்வது? காலால்தான். தளபதி ஓட்டுநருக்கு மேலே, பின்னால் இருப்பார். முதுகில் உதைத்தால் 'போ'. வலத் தோளில் தட்டினால் வலப்பக்கம், இடத் தோளில் தட்டினால் இடப்பக்கம். தலையில் வைத்தால் 'நில்'. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்தச் சத்தத்துக்குள் அதைவிட நல்ல வழி அன்றைக்கு இல்லை.

1918 மே 31-ஆம் தேதி ரெனோ முதன்முதலாகச் சண்டையிட்டது. ஜூலை 18-ஆம் தேதி சுவாசோன் நகருக்கருகே, முன்னறிவிப்பாகப் பல நாள் பீரங்கி முழக்கம் ஏதும் இல்லாமல், காட்டிலிருந்து நூற்றுக்கணக்கான டாங்கிகள் வெளிப்பட்டன. ஜெர்மன் படை அன்று பின்வாங்கத் தொடங்கியது. அதன்பின் அது போர் முடியும்வரை முன்னேறவே இல்லை.

ஜெர்மனியிடம் டாங்கிகளே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது: ஏ7வி என்று ஒன்று. 30 டன் எடை, உள்ளே 18 பேர். முழுப் போரிலும் அவர்கள் செய்தது 20 வண்டிகள்தான். மற்றபடி பிரிட்டனிடமிருந்து கைப்பற்றியவற்றைப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். ரெனோ வண்டிகளோ ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. 1918 நவம்பரில் உலகிலேயே அதிக டாங்கிகள் வைத்திருந்த நாடுகளில் பிரான்சு முன்வரிசையில் நின்றது.

இருபது ஆண்டு இடைவெளி

பையனின் கேள்விக்கான விடை இந்த இருபது ஆண்டுகளில்தான் இருக்கிறது.

வென்ற பிரான்சு தனக்கு வெற்றி தந்ததைப் பத்திரப்படுத்தியது. டாங்கி காலாட்படையோடு சேர்ந்து மெதுவாகப் போகவேண்டும். கவசம் தடிமனாக இருக்கவேண்டும். உள்ளே ஆள் குறைவாக இருக்கவேண்டும். இதில் நியாயமும் உண்டு. அந்தப் போரில் பிரான்சு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இழந்திருந்தது. ஆளைக் காப்பாற்று, ஆளைக் குறை என்று அந்த நாடு நினைத்ததில் வியப்பில்லை. அதனால் 1930-களில் புதிதாகச் செய்த அருமையான டாங்கிகளிலும், ரெனோவில் இருந்த அதே பழக்கம் தொடர்ந்தது: கோபுரத்துக்குள் ஒரே ஒருவர்.

தோற்ற ஜெர்மனிக்கு டாங்கியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டது. பத்திரப்படுத்த அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் தொடக்கத்திலிருந்து யோசித்தார்கள். சோவியத் ஒன்றியத்தின் கசான் நகரில் ரகசியமாகப் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். அந்தக் காலத்தில் டாங்கிப் படையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் குடேரியன். அவருடைய பழைய வேலை என்ன தெரியுமா? 1914-ல் குதிரைப்படையோடு போன வயர்லெஸ் நிலையத்தின் பொறுப்பாளர். செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் களத்தில் நேரடியாகப் பார்த்தவர்.

அவர் கேட்டது இரண்டு. ஒவ்வொரு டாங்கியிலும் வயர்லெஸ் வேண்டும். பேசும் வசதி தரமுடியாத சின்ன வண்டியில் கேட்கும் வசதியாவது வேண்டும். நடுத்தர டாங்கிகளில் 5 பேர் வேண்டும்: ஓட்ட ஒருவர், வயர்லெஸுக்கு ஒருவர், சுட ஒருவர், குண்டு போட ஒருவர். ஐந்தாமவரான தளபதிக்குச் சுடும் வேலையே இல்லை. சுற்றிலும் பார்ப்பதும், யோசிப்பதும், சொல்வதும்தான் அவர் வேலை. கழுத்தில் கட்டிய மைக்கில் மெல்லப் பேசினால் வண்டிக்குள் இருப்பவர்கள் காதில் கேட்கும். தோளில் உதைக்கும் காலம் அங்கே முடிந்துவிட்டது.

இதை எழுதும்போது ஒன்றையும் மறக்கவில்லை. இந்தத் திறமையெல்லாம் பிற்பாடு ஹிட்லரின் ஆட்சிக்குத்தான் உழைத்தது. யோசனை நன்றாக இருந்ததென்று சொல்வது, அது பயன்பட்ட காரியத்தைப் பாராட்டுவது ஆகாது.

1940 மே

1940 மே 12 முதல் 14 வரை, பெல்ஜியத்தின் ஹானுட் என்ற ஊரைச் சுற்றிய வயல்வெளியில் இரு நாட்டு டாங்கிகளும் நேருக்கு நேர் மோதின. அதுவரை உலகம் கண்ட டாங்கிச் சண்டைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பிரான்சின் தரப்பில் தளபதி பிரியூவின் குதிரைப்படைப் பிரிவு. பெயர்தான் குதிரைப்படை, வந்தவை டாங்கிகள். ஜெர்மன் தரப்பில் தளபதி ஹோப்னரின் 600-க்கும் மேற்பட்ட டாங்கிகள்.

பிரான்சின் சோமுவா டாங்கியின் கவசம் 40 மி.மீ.க்கு மேல். அதில் 47 மி.மீ. பீரங்கி. எதிரே வந்தவற்றில் பாதிக்கும் மேல் சின்ன வண்டிகள். சிலவற்றில் இயந்திரத் துப்பாக்கி மட்டும், சிலவற்றில் 20 மி.மீ. துப்பாக்கி. கிட்டத்தில் வந்தாலொழிய சோமுவாவை அவற்றால் ஒன்றும் செய்யமுடியாது. பையன் சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் சோமுவாவின் கோபுரத்தில் ஒருவர். அவரே குண்டு போடவேண்டும், குறிபார்க்கவேண்டும், சுடவேண்டும், ஓட்டுநருக்குச் சொல்லவேண்டும், தளபதியாக இருந்தால் தன் கீழுள்ள மற்ற வண்டிகளையும் கவனிக்கவேண்டும். பல வண்டிகளில் வயர்லெஸ் பொருத்தப்படவே இல்லை. பக்கத்து வண்டிக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கொடி, அல்லது இறங்கி ஓடவேண்டும். ஒரு சோமுவா எங்கே இருக்கிறது என்று ஒரு ஜெர்மன் வண்டி பார்த்தால், சில நொடியில் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். நாலைந்து வண்டிகள் பக்கவாட்டிலும் பின்னாலும் சுற்றிக்கொள்ளும்.

இரு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் அடிபட்டன. பிரியூவின் ஆட்கள் கோழைகள் அல்லர். பின்னால் பிரான்சின் முதல் சேனை அணிவகுத்து நிற்கும்வரை எதிரியைத் தாமதப்படுத்துவதே அவர்களுக்கு இட்ட வேலை. அதை முடித்துவிட்டுத்தான் பின்வாங்கினார்கள். பின்வாங்கியதும் களம் ஜெர்மனியரின் கைக்குப் போயிற்று. அவர்களின் அடிபட்ட வண்டிகளைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்ட முடிந்தது. பிரான்சின் வண்டிகள் கிடந்த இடத்திலேயே போயின.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த மே 13 அன்றே, தெற்கே செடானில் ஜெர்மனியின் முக்கியப் படை மியூஸ் ஆற்றைத் தாண்டிவிட்டது.

கனமான டாங்கியால் என்ன செய்யமுடியும் என்பதற்கு ஒரு காட்சி. மே 16, செடானுக்குத் தெற்கே ஸ்தோன் என்ற மலைமேல் கிராமம். அந்த மூன்று நாளில் 17 முறை கைமாறிய ஊர் அது. கேப்டன் பில்லோத் என்பவர், 60 மி.மீ. கவசம் கொண்ட பி1 பிஸ் டாங்கியில் தனியாக ஊருக்குள் நுழைந்தார். தெருவில் ஜெர்மன் டாங்கிகள் வரிசையாக நின்றன. முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் அடித்தார். நடுவில் இருந்தவற்றுக்கு நகர வழியில்லை. 13 டாங்கிகள் அழிந்தன. அவருடைய வண்டி மேல் 140 குண்டுகள் பட்ட தழும்புகள், ஒன்றுகூடத் துளைக்கவில்லை.

அதற்கு முந்தைய நாள், பெல்ஜியத்தின் ஃப்ளாவியோன் அருகே, அதே பி1 பிஸ் வண்டிகள் ஒரு முழுப் படைப்பிரிவாக நின்றிருந்தன. பெட்ரோல் குடிப்பதில் அவை பேர்போனவை. எரிபொருள் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது ரொம்மலின் டாங்கிகள் வந்து விழுந்தன. பிரான்சின் வண்டிகளில் வயர்லெஸ் இருந்தது, ஆனால் பெரும்பாலானவற்றில் மோர்ஸ் தட்டி அனுப்பும் கருவி. நடுச்சண்டையில் யார் தட்டுவது, யார் கேட்டு எழுதுவது? தனித்தனியாக நின்று தனித்தனியாகவே போரிட்டார்கள். அந்தப் பிரிவு ஒரே நாளில் சிதைந்தது. ஜூன் 22-ஆம் தேதி பிரான்சு போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டது.

பிரான்சு தோற்றதற்கு வயர்லெஸ் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பிழை. செடானை எதிரி தாண்டமாட்டான் என்ற நம்பிக்கை, வானத்தில் ஜெர்மன் விமானங்கள், டாங்கிகளைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது, மேலிடத்தில் தாமதமான முடிவுகள் என்று நிறைய உண்டு. ஆனால் அந்தத் தாமதத்துக்கும் இதற்கும் ஒரே வேர்தான். கவசத்தின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்தவர்கள், உள்ளே உட்காரும் ஒரு மனிதனுக்கு எத்தனை வேலை, அவன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அளக்கவில்லை.

எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. 1917-ல் பெரி-ஓ-பாக்கில் முன்னே போன வண்டிக்கும் பின்னே நின்ற காலாட்படைக்கும் இடையே விழுந்த அந்த இடைவெளியைப் பிரான்சு தன் கண்ணாலேயே பார்த்தது. அதற்கு விலையும் கொடுத்தது. பிறகு 1918-ல் வென்றது. வென்றதும் அந்த விலை மறந்துவிட்டது. 1918-ல் ஓடிய அதே ரெனோ வண்டிகள் நூற்றுக்கணக்கில் 1940-லும் பிரான்சுப் படையில் இருந்தன. எஸ்தியென் 1936 ஏப்ரலில் காலமானார். அந்தத் தோல்வியை அவர் பார்க்க நேரவில்லை.

பெரி-ஓ-பாக்கில் இன்றும் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1922-ல் டாங்கிப் படையினருக்காக எழுப்பியது. போஸ்யூவும் அவருடைய ஆட்களும் புறப்பட்ட இடத்துக்கு அருகில்தான்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "அப்போ தாத்தா, எங்க டீம்ல யாருமே மைக் ஆன் பண்ண மாட்டேங்கறாங்க. அதான் தோக்கறோம் போல" என்றான். கைப்பேசியை எடுத்துக்கொண்டு நண்பர்களைத் தேடி ஏ பிளாக் பக்கம் ஓடினான்.